வெருகும் பூசையும்: வேலிப்புற விலங்கு, வீட்டு விலங்கு ஆகியவற்றின் பெயர் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் வரும் வெருகு என்னும் விலங்கிற்குக் காட்டுப்பூனை என்றும் ஆண்பூனை என்றும் பொருள் கூறப்பட்டு வருகிறது. இவ்விரு பொருளும் பாடல்களின் அகச்சான்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை. வெருகு, ஊர்வேலியையும் புன்செய் நிலத்தையும் ஒட்டி வாழும் தனி இனம். வீட்டுப்பூனை அதன் வழிவந்தது அன்று. தொல்காப்பிய மரபியலில் வெருகைப் பூசை என வழங்குதல் பற்றி வரும் விதி, இரு விலங்குகளின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிலையைக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. விருத்தாசலம் வட்டாரத்தின் நிலவியல்பு இவ்வாய்விற்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வெருகு, பூசை, பூனை, மரபியல், முல்லை, பெயர்ப் பொருள் மாற்றம்

வேலியின் இருபுறம்

விருத்தாசலத்தைச் சூழ்ந்த ஊர்களில் முந்திரித் தோப்பும் வரகு விளையும் மேட்டுக் கொல்லையும் கரும்புக் கழனியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அடர்காடு என்று சொல்லத்தக்கது ஊரருகே இல்லை. ஆயினும் ஓடையோரப் புதர், முள்வேலி, உயர்ந்த புல், கரும்பின் நிழல் என விலங்கு மறைந்து வாழ இடம் உண்டு. இத்தகைய நிலத்தில் ஒரே வேலியின் இருபுறமும் இருவகைப் பூனைகள் வாழ இயலும். ஒன்று அடுப்படியில் துயில்வது. மற்றொன்று அந்தியில் வேலியோரம் நடப்பது. இரண்டையும் இன்றைய தமிழ் பூனை என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. பின்னதற்குக் காடு என்னும் அடையை மட்டும் முன்னே ஒட்டுகிறது.

இந்த அடைதான் சிக்கலுக்கு இடமாகிறது. வீட்டுப்பூனை காட்டுப்பூனையிலிருந்து தோன்றியது என்னும் தொடர் பாடநூல் நடையிலும் இதழ்நடையிலும் இயல்பாக எழுதக்கூடிய ஒன்று. அத்தொடர் ஒரு வகையில் மெய்; மற்றொரு வகையில் பிழை. வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் வாழும் ஃபீலிஸ் லிபிகா என்னும் இனம். தமிழ்நாட்டில் காட்டுப்பூனை எனப்படுவதோ ஃபீலிஸ் சாவுஸ் என்னும் வேறோர் இனம். ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு பெயர்களை வைத்துள்ளது. தமிழில் இரண்டும் காட்டுப்பூனை என்றே பெயர்க்கப்படுவதால், நம் வேலியோரத்து விலங்கே அடுப்படிப் பூனையின் மூதாதை என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எளிதில் பதிகிறது. பழந்தமிழ் இவ்வேறுபாட்டை அறிந்திருந்ததா என்பதே இங்கு எழும் வினா.

உருவ வேறுபாடும் மரபுவழியும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அருகிலுள்ள நெய்வேலியில் நிலக்கரி அகழ்வின்போது கிடைக்கும் வெண்களிமண் அத்தொழிலுக்குத் துணையாயிற்று. பொம்மையும் அகலும் மின்சாதனப் பீங்கான்களும் அங்கு உருவாகின்றன. அத்தகைய களிமண்ணில் ஒருவர் வீட்டுப்பூனையையும் வேலிப்புறப் பூனையையும் தனித்தனியே வடிக்க முற்பட்டால் நிறம் அவருக்கு உதவாது. ஏனெனில் வீட்டுப்பூனைக்கு எந்நிறமும் உண்டு. வடிவமே உதவும். சாவுஸ் இனத்திற்குக் கால்கள் நீண்டவை, உடலோ ஒடுங்கியது. வால் குட்டை; உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அமையும்; நுனியருகே கருவளையங்கள் தெரியும். காது நிமிர்ந்து, நுனியில் சிறு கருமயிர்க் குச்சம் கொண்டிருக்கும். வளர்ந்த விலங்கின் மேனியில் வரியோ புள்ளியோ இராது. கால்களில் மட்டும் மங்கிய வரிகள் எஞ்சும். குட்டிப் பருவத்தில் உடலிலும் வரிகள் தோன்றிப் பின்னர் மறைகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவற்றைக் கெலார்ட்டி என்னும் உட்பிரிவாகப் போக்கொக் 1939இல் பிரித்துரைத்தார்.

இரண்டும் ஃபீலிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை, இரண்டிற்கும் குரோமோசோம்கள் 38, பற்கள் 30. கலந்து குட்டி ஈனவும் அவற்றால் இயலும். ஆனால் உறவு தாய்–சேய் உறவு அன்று. ஒரு குடியின் இரு கிளைகளிடையே உள்ள உறவு. கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் வீட்டுப்பூனைகள் அனைத்தும் மேற்காசியாவின் லிபிகா கிளையில் அடங்குவதைக் காட்டியது. இந்தியாவின் வடமேற்கு வறள்நிலங்களில் அவ்வினத்தின் ஆசியக் கிளையொன்று உண்டு. வீட்டுப்பூனை அதிலிருந்தும் வந்ததன்று. சைப்பிரஸ் தீவில் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புகள் 2004இல் அறிவிக்கப்பட்டன. காலம் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன். அத்தீவில் பூனையினம் இயற்கையாக இல்லை ஆதலின் அது கலத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டதாதல் வேண்டும். கூலம் சேர்த்த இடத்தில் எலி சேர்ந்தது. எலி சேர்ந்த இடத்திற்குப் பூனை தானே வந்தது. மாட்டையும் ஆட்டையும் போல அதனை மனிதர் பிடித்துப் பழக்கியதாகக் கொள்வதற்கில்லை. அந்நெடிய உடனுறைவில் மண்டையோட்டின் கொள்ளளவு மூதாதை இனத்தைவிடச் சுருங்கியதும், அச்சத்தையும் நினைவையும் சார்ந்த மரபணுக்களில் மாற்றம் நேர்ந்ததும் பிற்கால ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளன.

ஆகவே தமிழ்நிலத்தில் சாவுஸ் இனம் இயற்கைக் குடி. வீட்டுப்பூனை வந்தேறிய குடி. இந்தியத் துணைக்கண்டத்தின் சிந்துவெளியில் சான்ஹுதரோ அகழ்வில் மெக்கே கண்டெடுத்த ஒரு செங்கல்லில் பூனையின் அடிச்சுவடும் அதன்மேல் நாயின் அடிச்சுவடும் பதிந்துள்ளன. உலரவைத்த ஈரமண்ணின்மேல் பூனை ஓட, நாய் துரத்தியிருத்தல் வேண்டும். சுட்ட மண் காத்துவைத்த அச்சுவட்டைக் கொண்டு அது வீட்டுப்பூனையா, வேலிப்புறப் பூனையா என்று அறுதியிட இயலாது. மண்ணிற்கு உள்ள அந்த இடர்ப்பாடு சொல்லிற்கும் உண்டு.

பாடல்களில் வெருகு

வெருகு வரும் பாடல்களுள் ஒன்பது இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன: குறுந்தொகை 107, 139, 220, 240, அகநானூறு 73, 391, புறநானூறு 117, 324, 326.

இவற்றுள் விலங்கின் நடத்தையைக் காட்டுவன சிலவே. அவையே ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவன. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139இல், மனையில் வாழும் குறுங்காற் பேடை, மாலைப்பொழுதில் வேலியின் வெருகு வந்துற்றதாகக் கொண்டு, புகுமிடம் அறியாது திரண்ட குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. தங்கால் பொற்கொல்லனாரின் புறநானூறு 326, ஊரின் பழைய வேலியில் பார்த்துப் பார்த்து நடக்கும் வெருகைக் காட்டுகிறது. இருளில் வரும் அப்பகைக்கு நடுங்கி இளம் பேடை அரற்றுகிறது. இரவில் எழுந்து வேலைசெய்யும் பருத்தி நூற்கும் பெண்ணின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்ட பின்னரே அதன் நடுக்கம் தணிகிறது. ஒன்று அகம், மற்றது புறம், புலவரும் வேறு. ஆயினும் வேலி, இருளும் பொழுது, வீட்டுக்கோழி என மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே அமைகின்றன. இது மரபாக வந்த உவமைப் பொருள் மட்டும் அன்று. கண்டறிந்த விலங்கின் ஒழுக்கம். டி. சி. ஜெர்டன் 1867இல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில் இவ்வினம் இமயம் முதல் குமரி வரை பரவியது என்றும், உயர்ந்த புல்லும் கரும்புக் கழனியும் அதற்கு உவப்பான இடங்கள் என்றும் எழுதினார். தாம் சுட்டு வீழ்த்திய மயிலைக் கரும்புக் கழனியினின்று பாய்ந்த ஒரு பூனை தம் கண்ணெதிரே கவ்விச் சென்றதையும் அவர் வியப்போடு பதிவு செய்துள்ளார். மயிலைத் தூக்கும் விலங்கிற்குப் பேடைக்கோழி எளிய இரையே.

புறநானூறு 324இல் ஆலத்தூர் கிழார் வேட்டுவச் சிறுவரை வெருகின் ஆணுக்கு ஒப்பிடுகிறார். அவர்தம் பார்வை வெருட்சி உடையது. பறவை ஊன் தின்ற வாய் புலவு நாறுகிறது. முள்ளை அம்பாகச் செறித்துப் பருத்தி வேலியில் கருப்பை எலிக்காகக் காத்திருக்கின்றனர். உவமை பார்வை என்னும் ஒரு பண்பில் நின்றுவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. பறவை உணவு, எலி வேட்டை, வேலியோரக் காத்திருப்பு ஆகிய அனைத்தும் வெருகின் தொழில்கள். சிறுவர் அவற்றைச் செய்கின்றனர்.

இப்பாடல் மற்றொரு வகையிலும் முதன்மையானது. வெருகு என்பதற்கு ஆண்பூனை என்னும் பொருள் அகராதிகளில் உண்டு. இங்குப் புலவர் வெருகு என்பதோடு விடை என்னும் ஆண்பாற்சொல்லைச் சேர்க்கிறார். வெருகு தானே ஆண்பூனையைக் குறிக்குமாயின் விடை என்பது மிகை. குறுந்தொகை 107, புறநானூறு 117 ஆகியவற்றில் பிள்ளை வெருகு என வருவதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், வெருகு பால்பகுப்பற்ற இனப்பெயர் என்பதும், ஆணையும் இளமையையும் குறிக்க வேறு சொற்கள் தேவைப்பட்டன என்பதும் தெளிவாகும். ஆண்பூனை என்னும் பொருள் பிற்காலத்தது எனக் கொள்வதே தகும்.

ஏனைய பாடல்களில் பெரும்பாலும் பல்லே பேசப்படுகிறது. முல்லையின் கூர்முகைக்கு வெருகின் பல் உவமையாவது குறுந்தொகை 240இலும் புறநானூறு 117இலும் காணப்படும். அகநானூறு 391இல் அது அதிரல் முகைக்கு ஆகிறது. குறுந்தொகை 220இல் மாசாத்தியார் வெருகு சிரித்ததாகவே கூறுகிறார். 139இல் பேடையின் அச்சத்தைப் பாடிய அதே புலவர், இங்கு அவ்விலங்கின் விரிந்த வாயில் வெண்முல்லையைக் காண்கிறார்; இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் அவ்விலங்கை அவர் எத்துணை அணுக்கமாகக் கண்டிருந்தார் என உணர்வர். அகநானூறு 73இல் இருளில் நோக்கும் வெருகின் கண்ணொளி முத்திற்கு உவமை. பூனையினத்தின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளித்திருப்பும் படலமே அவ்வொளிக்குக் காரணம். அதனைக் காண வேண்டுமாயின் காண்பவர் கையில் விளக்கோ தீயோ இருத்தல் வேண்டும். 326இன் பருத்திப் பெண் விளக்கோடு எழுந்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வொன்பதுள் எதுவும் வெருகை அடர்ந்த கானத்தில் வைக்கவில்லை. 220இன் நிலம் பழமழையில் தழைத்த வரகுப் புனம். 117இன் நிலம் புன்புலம். முல்லைத் திணையின் நிலமே காடு எனப்படும் என்ற தடை இங்கு எழலாம். அது வலிய தடையே. ஆனால் முல்லையின் காடு இன்று அச்சொல்லால் நினைக்கப்படும் வனம் அன்று. வரகும் அவரையும் விளையும் புன்செய்யையும் உள்ளடக்கியது. கொங்கு வட்டாரத்தில் இன்றும் புன்செய்யைக் காடு என்பர். விருத்தாசலத்தை உள்ளிட்ட நடுநாட்டில் அதனையே கொல்லை என்பர். அப்பழம்பொருளில் கொண்டால் காட்டுப்பூனை என்னும் உரை சரியானதே. உரை பிழைபடவில்லை, உரையிலுள்ள சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது.

இல்லெலி பார்க்கும் வெருகு

மதுரைக் கண்ணனாரின் குறுந்தொகை 107 மட்டும் இப்போக்கிற்கு மாறாகத் தோன்றுகிறது. துயிலெழுப்பிய சேவலை வைது, நள்ளிரவில் இல்லத்து எலியைப் பார்க்கும் பிள்ளை வெருகிற்கு நீ இரையாகுக என்கிறாள் தலைவி. வீட்டினுள் எலிபிடிக்கும் விலங்கு வீட்டுப்பூனையே என்றும், எனவே சங்க காலத்தில் பூனை வளர்க்கப்பட்டது என்றும் இதனைக் கொண்டு வாதிடலாம்.

அவ்வாதத்திற்குப் பாடலே இடந்தரவில்லை. தலைவி சாபம் இடுகிறாள். சாபத்தில் வரும் பகை, சேவலைக் கொல்ல வல்லதாய் இருந்தாலன்றிச் சாபம் பயனற்றது. வீட்டுப்பூனை குஞ்சைக் கவ்வுவது உண்டு. அதே மனையில் வளரும் பருவமுற்ற சேவலை அது தாக்குவது அரிது. 139இலும் 326இலும் கோழியினம் அஞ்சும் பகையும் வெருகே. மேலும் அல்குஇரை என்பதற்கு வைத்திருந்து உண்ணும் இரை எனப் பொருள் கொண்டால், எலியால் வயிறு வளர்க்கும் இளவெருகிற்கு ஒரு சேவல் பல பொழுதுக்கு ஆகும் உணவு என்பது பெறப்படும். சாபத்தின் கொடுமை அதில்தான் உள்ளது: சேவல் ஒரே கணத்தில் அழியாது, சிறிது சிறிதாகத் தின்னப்படும். இல்லெலி என்பது எலியின் இடத்தைச் சொல்கிறதேயன்றி வெருகின் உறைவிடத்தைச் சொல்லவில்லை. கூரைவீட்டின் புறத்தும் குதிரின் அடியிலும் எலி தேடி வேலிப்புற விலங்கு இரவில் நுழைவது வியப்பன்று.

பிள்ளை என்பதில் ஓர் ஐயம் உண்டு. தெலுங்கில் பூனைக்குப் பில்லி என்று பெயர். தமிழிலும் பில்லி என்னும் வடிவம் அகராதிகளில் உண்டு. பிள்ளை வெருகு என்பது இளமைப்பெயர் அன்று, பூனையைக் குறிக்கும் இரு பெயர்கள் அடுக்கிய தொடர் எனக் கருதத் தோன்றும். கவர்ச்சியான கருத்து; ஆனால் லகர ளகர வேறுபாடு தடையாகிறது. புறநானூறு 117இல் சிறு முல்லை முகைக்கு ஒப்பாவது முள்போன்ற பல். முளைத்த இளம்பல்லிற்கே அது பொருந்தும். எனவே பிள்ளை இளமையே.

மரபியலின் இரு விதிகள்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைக் கூறுமிடத்து மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கிற்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்கி, பறழ் எனினும் அமையும் என்கிறது. பிள்ளை என்பதை வெருகிற்கு அது கூறவில்லை. செய்யுள் வழக்கிலோ அது வருகிறது. விதிக்கும் வழக்கிற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளி சிறிது. ஆயினும் மரபியலார் தொகைப்பாடல்களை முன்வைத்துக்கொண்டு விதி அமைத்தார் எனக் கொள்வோர் இதற்கு விடை கூற வேண்டியவராவர். நாய், பன்றி, ஆடு, எருமை என மனையோடு ஒட்டிய விலங்குகள் பலவும் மரபியலில் இடம்பெற்றிருக்க, மனைப்பூனை தனியே இடம்பெறவில்லை. வெருகோடு சேர்த்து எண்ணப்பட்டவை கீரி, எலி, அணில் ஆகியன. வேலியிலும் தோட்டத்திலும் கூரையிலும் மனிதரைச் சார்ந்தும் சாராமலும் வாழ்பவை. அந்தத் தொகுப்பு பழந்தமிழர் வெருகிற்கு அளித்த இடத்தைச் சொல்லாமல் சொல்கிறது. இன்மையைச் சான்றாக்குவதில் உள்ள இடரை மறுப்பதற்கில்லை. மரபியலின் சில பகுதிகள் பிற்சேர்க்கை என்னும் கருத்தும் அறிஞரிடையே உண்டு.

இரண்டாவது விதியே இக்கட்டுரைக்கு நடுவானது. ஆண்குரங்கைக் கடுவன் என்றும், கூகையைக் கோட்டான் என்றும், கிளியைத் தத்தை என்றும், வெருகைப் பூசை என்றும், ஆண்குதிரையைச் சேவல் என்றும், பன்றியை ஏனம் என்றும், ஆணெருமையைக் கண்டி என்றும் வழங்குதல் உண்டு. வழக்கு அவ்வாறு வந்தமையின் அவை விலக்கத்தக்கன அல்ல என்பது அதன் கருத்து. ஏழனுள் மூன்று ஆண்பாற் பெயர்கள். நான்கு ஒரு விலங்கிற்கு மற்றொரு பெயர். வெருகிற்கு அங்குத் தரப்பட்ட அடைமொழியைக் கொண்டு விலங்கின் இயல்பை வரையறுக்க முயல்வது வீண். கிளிக்கு வந்த அடையோடு எதுகை நோக்கி அமைந்தது அது.

விதியின் திசை கருதத்தக்கது. பூசையை வெருகு என்னலாம் என்று நூல் கூறவில்லை. வெருகைப் பூசை என்னலாம் என்கிறது. அதாவது நிலைத்த பெயர் வெருகு. வந்து சேர்ந்த வழக்கு பூசை. வந்து சேர்ந்ததனாலேயே அதற்கு இசைவு தர வேண்டியிருந்தது. வெருகும் பூசையும் தொடக்கம் முதலே ஒருபொருட் பன்மொழியாக வழங்கியிருப்பின் இலக்கண ஆசிரியர் கடியலாகாது எனக் கூறவேண்டிய தேவை என்ன? பூசை என்னும் பெயர் ஊரில் வேறொன்றிற்கு, பெரும்பாலும் மனைக்குப் புதிதாய் வந்த பூனைக்கு, வழங்கத் தொடங்கிப் பின்னர் வேலிப்புற விலங்கிற்கும் ஏறியிருத்தல் வேண்டும். ஏனம், தத்தை ஆகியவற்றிற்கு இவ்விளக்கம் பொருந்தாதே என்று கேட்கலாம். உண்மைதான், ஏழும் ஒரே காரணத்தால் ஒரே நூற்பாவில் வந்தன என்று கொள்ள வேண்டியதில்லை. கோட்டானும் கூகையும் இன்றும் சிலரிடத்து ஒன்றாகவும் சிலரிடத்து வேறாகவும் நிற்பது இங்கு நினைக்கத்தக்கது.

உடன்பிறந்த மொழிகள்

இத்துணிபிற்கு வலுவூட்டுவது திராவிட மொழிகளின் சான்று. கன்னடத்தில் வீட்டுப்பூனைக்குப் பெக்கு என்று பெயர். அதன் பழைய வடிவம் பெர்க்கு. அது வெருகின் இனச்சொல். மலையாளத்தில் வீட்டுப்பூனை பூச்ச. வெருகு என்பதோ புனுகுப்பூனை இனத்தைக் குறிக்கிறது. அது பூனைக் குடும்பத்தைச் சார்ந்ததே அன்று. துளுவில் வீட்டுப்பூனை புச்சே. தமிழில் பூசை, பூஞை, பூனை என வடிவம் மாறி வீட்டு விலங்கிற்கு நிலைபெற்றது. வெருகு உலகவழக்கில் அருகியது.

ஒரே இரு சொற்களை மூன்று மொழிகள் மூன்று விதமாகப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. வீட்டுப்பூனை தொன்றுதொட்டு இந்நிலத்ததாயின் அதன் பெயரில் இத்தகைய குழப்பம் நேர்ந்திராது; நாய்க்கு அவ்வாறு நேரவில்லை. புதிய விலங்கு வந்தபோது கன்னடம் தன்னிடமிருந்த வேலிப்புறப் பெயரை அதற்கு அளித்தது. தமிழும் மலையாளமும் பூசை என்பதை அளித்தன. பின் தமிழில் அப்பெயர் பழைய விலங்கையும் வளைத்துக்கொண்டது. பூசை என்பது பூனையைக் கூவி அழைக்கும் ஒலியிலிருந்து பிறந்திருக்கலாம். ஆங்கிலப் புஸ் முதலியவற்றோடு அதனை ஒப்பிட்டு உறவு கற்பிப்பது தேவையற்றது; அழைப்பொலிகள் எங்கும் ஒன்றுபோலவே அமையும்.

பெயர் மாறுதலுக்கு விருத்தாசலமே சான்று. தேவாரத்தில் முதுகுன்றம் என நின்ற பெயர் வடமொழி ஆக்கத்தால் விருத்தாசலம் ஆயிற்று. குன்று அதுவே, பெயர் வேறு. வெருகில் நேர்ந்தது இதற்கு மறுதலை: பெயர் ஒன்றாயிற்று, விலங்கு இரண்டு.

மனைக்குள் வந்த பின்

இடைக்கால இலக்கியத்திலும் கலையிலும் பூனை மனைக்குள் அமர்ந்துவிட்டது. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கப் புகுந்த பூசையைத் தமக்கு உவமையாக்கினார். பாலைத் தேடும் பூனை அடுப்படியை அறிந்த பூனை. வேலிப்புற வெருகிற்கு அவ்வுவமை ஒருபோதும் அமையாது. சங்கப் புலவர் பல்லையும் கண்ணையும் பாட, கம்பர் நாவைப் பாடினார் என்பதிலேயே விலங்கு மாறியது விளங்கும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதை வைத்துத் தென்கலை வைணவர் சரணாகதியை விளக்கிய மார்ச்சால நியாயம், வீட்டுமூலையில் பூனை ஈன்று இடம் மாற்றுவதை நாள்தோறும் கண்டவரிடத்துப் பிறந்தது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இரு கைகளையும் தலைமேல் உயர்த்தித் தவம்புரியும் பூனையும், அதன் காலடியில் எலிகளும் உள்ளன. உருத்திராட்சப் பூனை என்னும் வழக்கும் அப்பொய்த்தவக் கதையை நினைவூட்டும். வெருகை எவரும் பொய்த்தவசி ஆக்கவில்லை. நம்பத்தகுந்த நெருக்கத்தில் வாழும் விலங்கையே வஞ்சகன் எனல் இயலும்; வெருகு நட்பு நடித்ததில்லை.

கடுவன் என்பதன் போக்கும் சுவையானது. மரபியலில் அது ஆண்குரங்கு. இன்றைய பேச்சில் கடுவன் என்றால் ஆண்பூனை. வெருகிற்கு அகராதிகள் ஏற்றிய ஆண்பாற்பொருளைப் பேச்சுவழக்கு வேறொரு சொல்லுக்கு ஏற்றிவிட்டது.

கலைச்சொல்லாக வெருகு

ஃபீலிஸ் சாவுஸ் இனத்திற்குத் தமிழ் விலங்கியல் எழுத்தில் வெருகு என்பதை இனப்பெயராக வழங்குவது பொருந்தும். காட்டுப்பூனை என்பதைப் பொதுப்பெயராக நிறுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அப்பொதுப்பெயருக்குள் அடங்க வேண்டிய சிறு பூனைகள் வேறும் உள்ளன. அவற்றுள் துருப்புள்ளிப் பூனை விருத்தாசலத்திற்கு அணித்தான புதுச்சேரியிலிருந்து கிடைத்த உருப்படியைக் கொண்டே 1831இல் இசிதோர் ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேரால் முதன்முதல் விவரிக்கப்பட்டது; ஆசியாவின் மிகச் சிறிய பூனையாகிய அது வீட்டுப்பூனையிலும் சிறியது. வீட்டுப்பூனையின் மூதாதையாகிய லிபிகாவை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என அடைகொடுத்து எழுதினால் முன்னர்ச் சுட்டிய மயக்கம் நீங்கும்.

இதற்குத் தடைகள் இரண்டு. மலையாளத்தில் வெருகு புனுகுப்பூனை இனத்தைக் குறிப்பதால் எல்லையோர மாவட்டங்களில் மயக்கம் நேரலாம். வெருகு என்பது ஒரு கிழங்குச் செடியின் பெயராகவும் உள்ளது. இரண்டும் கடக்கக்கூடியவை: முன்னதற்கு இனத்தின் அறிவியற்பெயரை முதல் இடத்தில் உடன்தருவது போதும்; பின்னது இடம் நோக்கிப் பொருள் விளங்கும். சங்கப் பாடல்களின் மொழிபெயர்ப்பாளர்க்கு இது மேலும் இன்றியமையாதது. குறுந்தொகை 139ஐ அயல்மொழியில் ஆக்குவோர் வேலியின் வெருகைக் கானகப் பூனை எனப் பெயர்த்தால், அப்பேடையின் அச்சம் தொலைவிலிருந்து வருவதாகிவிடும். பாடலில் அது தொலைவிலிருந்து வரவில்லை. மனைக்கும் கொல்லைக்கும் இடையே, முள்ளும் கொடியும் பின்னிய வேலியில், மாலைதோறும் இருப்பது அது.